ஃப்ரீசரில் வைத்த குரல்

டிஸ்க் இல்லை என்று கணினி திரையில் எழுதியது. அதன் வயிற்றுக்குள்ளிருந்தே அந்த டிஸ்க் டக், டக்கென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பூட் ஆவதற்கு எதையாவது செருகிவிட்டு ஏதேனும் ஒரு விசையை அழுத்தச் சொன்னது. எந்த விசை என்று சொல்லக்கூடத் துப்பில்லாத கருவி என்று இளவரசு நினைத்தான். கேபிளை மாற்றினான். கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய்ப் பார்த்தான். டிஸ்கின் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

அவன் மனைவி வினோதினி ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பேசிப் பதிவு செய்த அறிவியல் பாடங்கள் அதற்குள் இருந்தன. அவள் செத்த பிறகு அவள் குரல் மிச்சமிருந்த ஒரே இடம் அது.

அவள் தம்பி கொளஞ்சியப்பனுக்குப் போன் செய்தான். சிதம்பரம் கீழவீதியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். சுவர் நிறையச் சான்றிதழ்களை மாட்டிவிட்டு, எல்லா நோய்க்கும் விண்டோஸைத் திரும்பப் போடுகிற ஆள்.

“கவர்ல சுத்தி ஃப்ரீசர்ல வைங்க மாமா. கொஞ்ச நேரத்துக்கு உசுரு வரும். அதுக்குள்ள காப்பி எடுத்துக்குங்க.”

“இதையும் சர்ட்டிபிகேட்ல போட்ருக்கானுங்களா மச்சான்?”

“சிரிக்காதீங்க மாமா. அக்கா கொரலு எனக்கும் வேணும்.”

வேறு வழியில்லை. டிஸ்கைக் கழற்றி, பாலித்தீன் கவரில் சுற்றி ஃப்ரீசருக்குள் வைத்தான். மத்தியான வெயிலில் குடிகாட்டு ஆலைகள் பக்கமிருந்து வந்த ரசாயன நெடி ஜன்னலில் நின்றது. ஃப்ரிட்ஜ் தாழ்ந்த குரலில் உறுமத் தொடங்கியது. இதே உறுமலை இதே கூடத்தில் கேட்டிருக்கிறான். அவள் செத்த அன்று, வாடகைக்கு எடுத்த ஃப்ரீசர் பெட்டிக்குள் வினோதினி கிடந்தாள். கண்ணாடி மூடியின் மேல் மாலைகளை அடுக்கிவிட்டு, டீ இன்னும் வரவில்லை என்று சண்டை போட்ட சொந்தக்காரர்களை நினைத்தால் இப்போதும் காறித் துப்பத் தோன்றியது. அழாமல் நின்ற அவனைத்தான் கல்நெஞ்சன் என்றார்கள் அவர்கள்.

சாயங்காலம், வியர்த்துக் கிடந்த டிஸ்கைத் துடைத்து மாட்டினான். தட்டும் சத்தம் இல்லை. விண்டோஸ் வந்தது. மச்சானின் முட்டாள் வைத்தியம் பலித்துவிட்ட எரிச்சலோடு ஃபோல்டரைத் திறந்தான். பாடங்கள் ஒன்றுகூட இல்லை. பெயரில்லாத ஒரே ஒரு ஆடியோ.

அழுத்தினான்.

உறுமல். வெகுதூரத்தில், தண்ணீருக்கடியில் கேட்பதுபோல, அழுகை. டீ கேட்டு யாரோ அதட்டினார்கள். எல்லாம் கண்ணாடிக்கு அப்பாலிருந்து. ஒரு மூச்சு மட்டும் மிக அருகில்.

பிறகு அவனுடைய குரல். “நேரமாச்சு. தூக்கிடலாம்.”

“என்னங்க,” என்றாள் வினோதினி. பாடம் நடத்தும் அதே நிதானம். “குளுருதுங்க. தொறங்க.”

நிறுத்தினான். நிற்கவில்லை. டிஸ்கின் கேபிளைப் பிடுங்கினான். திரை நீலமாகி அணைந்தது.

குரல் அணையவில்லை. இப்போது அடுக்களையிலிருந்து.

“தொறங்க.”

கூடத்திலிருந்தே ஃப்ரிட்ஜ் தெரிந்தது. இரண்டு ஐஸ் தட்டுக்கு மேல் எதுவும் கொள்ளாத அந்தச் சின்ன ஃப்ரீசரின் கதவு உள்ளிருந்து தள்ளப்பட்டுத் திறந்தது. வெண்புகை தரைக்கு இறங்கியது. இரண்டு கைகள் வெளியே வந்தன. கட்டைவிரல்கள் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. அன்று அவனே போட்ட முடிச்சு.

அவன் வந்து அவிழ்ப்பதற்காக, நீட்டியபடியே நின்றன.