ஹாரன் நின்ற இடம்

பகல் பதினோரு மணிக்கு ஒடீலும் அவள் அண்ணன் அன்செல்மும் ஃபண்டி வளைகுடாவின் கழிமுகக் கரையில் வண்டியை நிறுத்தினார்கள். கடல் உள்வாங்கி, இரண்டு மைலுக்குச் செஞ்சேறு பளபளத்துக் கிடந்தது.

"இன்னைக்கு நாலு வாளி மட்டிச் சிப்பி எடுக்கலேன்னா உன் பேரை மாத்திக்கோண்ணே."

"குனிஞ்சு தோண்டு. உன் வாய் மட்டுமே நாலு வாளி தேறும்."

இரண்டு மணி நேரத்தில் மூடுபனி இறங்கியது. உப்பும் அழுகலுமாய் ஒரு வாடை. கடலை நோக்கி ஓடிய ஓடைத் தண்ணீர் நின்று, மெல்லக் கரைப்பக்கம் திரும்பியது. கடல் ஏறத் தொடங்கிவிட்டதென்று இருவரும் கிளம்பினார்கள்.

சரக். சரக்.

பனிக்குள் யாரோ சேற்றைக் கிளறினார்கள்.

அன்செல்மின் முகம் வெளுத்தது. "லாசார் இப்படித்தான் தோண்டுவான். ரெண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம்."

"லாசார் செத்து ஒரு வருஷமாகப் போகுதுண்ணே."

பனி இறங்கினால் முதலில் கரையேறியவர், கடைசி ஆள் வரும்வரை வண்டி ஹாரனை அடிக்க வேண்டும் என்பது மட்டி தோண்டுகிறவர்களின் கட்டுப்பாடு. அந்தச் சத்தம்தான் மற்றவர்களுக்கு வழி. போன இலையுதிர்காலத்தில் அன்செல்ம், எல்லாரும் வந்தாயிற்று என்று எண்ணி, குளிருக்குப் பயந்து வீட்டுக்குப் போய்விட்டான். லாசார் வரவில்லை.

"உசுரோட ஒருத்தன் மாட்டியிருந்தா? தனியா விட முடியாது. நீ போய் ஹாரனை அடி. நிறுத்திடாத, புள்ள."

"நிறுத்த மாட்டேண்ணே."

அன்செல்ம் சத்தம் வந்த பக்கம் போனான்; ஒடீல் கரையேறி ஹாரனை அடித்தாள். ஒருவனைத் தனியே விடாத மனசை ஆண்டவர் கைவிடமாட்டார் என்று ஜெபித்தபடி அடித்தாள். தண்ணீர் சீறிக்கொண்டு சேற்றை மூடியது.

"ரெண்டு பேரும் வந்துட்டிருக்கோம்! அடிச்சிட்டே இரு!" பனிக்குள்ளிருந்து அன்செல்மின் குரல்.

ஹாரன் கம்மியது.

முனகியது.

நின்றது.

பேட்டரி தீர்ந்துவிட்டது. எஞ்சினை ஓட்டலாமென்றால் சாவி அன்செல்மின் பையில்.

தொண்டை கிழியக் கத்தினாள்.

தேடப்போன படகுகள் வெறுமையாய்த் திரும்பின. கோடை வெளிச்சம் மங்குமுன் தண்ணீர் இறங்கியது. பனியும் விலகியிருந்தது. புதிதாய் வெளிப்பட்ட சேற்றில் இரண்டு வரிசைத் தடங்கள் கரையை நோக்கி வந்திருந்தன. ஒன்று ரப்பர் பூட்ஸ். மற்றது வெறுங்கால். ஒருவர் மற்றவரைத் தாங்கி வந்ததுபோல் அருகருகே.

வண்டிக்கு இருபதடி முன்னால் இரண்டும் நின்றுபோயிருந்தன.

"அண்ணே..." என்று கூப்பிட்டாள்.

பூட்ஸ் தடம் அசையவில்லை.

அதன் பக்கத்தில், ஐந்து விரல்களும் அழுந்த, வெறுங்கால் தடம் ஒன்று, ஆள் தெரியாமலே, அவளை நோக்கிப் புதிதாய்ப் பதிந்தது.