அழித்தும் அழியாத டிஸ்க்

ஐவிண்ட் செத்துக் கிடந்தான்.

யாரும் அலறவில்லை.

ட்ரோன்ஹைம் நகரில் ஒரு கம்ப்யூட்டர் ஆராய்ச்சிக்கூடம். அதன் சின்ன சமையலறை. ஆராய்ச்சி மாணவன் ஐவிண்ட் தரையில் குப்புறக் கிடந்தான். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் வாஃபிள் சுடும் கனத்த இரும்பு... இன்னும் சூடு ஆறவில்லை! மேசை விளிம்பிலிருந்து மாவு சொட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் என்றால் இங்கே எல்லோருக்கும் வாஃபிள், கட்டம் போட்ட இனிப்பு ஆப்பம். வாசலில் நின்றிருந்த ஒருவர் கையில் காலித் தட்டு இருந்தது. அதைக் கீழே வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

இன்ஸ்பெக்டர் சிசெலுக்கும் எதுவும் தோன்றவில்லை. போன வருஷம் புருஷன் போய்ச் சேர்ந்ததிலிருந்து எதற்கும் எதுவும் தோன்றுவதில்லை. பிணத்தைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தது போலத்தான் இருந்தது.

"கைரேகை?" என்றாள்.

"இருக்கு. மொத்த ஆபீஸோடதும் இருக்கு!" என்றான் உதவியாளன் யோஸ்டைன். "வாரா வாரம் எல்லாரும் தொடுற இரும்பு. ஆனா ஒண்ணு சிசெல்... அந்த நேரத்துல எல்லாரும் மாடியில செமினார்ல இருந்திருக்காங்க. ரெண்டு பேரைத் தவிர."

"யாரு?"

"பேராசிரியர் ஆர்ன்ஃபின். பிணத்தை முதல்ல பாத்தவரு. இன்னொண்ணு ஹெர்டிஸ். ஐவிண்டோட ஒரே ரூம்ல உக்காந்து ஆராய்ச்சி பண்ற பொண்ணு. அடுத்த மாசம் டாக்டர் பட்டம் வாங்கப் போறா."

* * *

திங்கட்கிழமை.

ஹெர்டிஸ் தன் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பக்கத்து நாற்காலியில் ஐவிண்டின் ஸ்வெட்டர் தொங்கியது.

சிசெலுக்கு அந்த முகம் பழக்கமானதாக இருந்தது. தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம்! பாவம் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்தாளே தவிர, உள்ளே ஒன்றும் அசையவில்லை.

"ஐவிண்ட் என்ன வேலை பண்ணிட்டிருந்தான்? எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா."

"இன்னும் செய்யாத சிப்பை, முதல்ல கம்ப்யூட்டருக்குள்ளயே பொய்யா ஓட்டிப் பாப்போம். அதுக்குப் பேர் சிமுலேட்டர். அந்தப் பொய் மெஷினுக்கும் ஒரு டிஸ்க் வேணும்ல? அதான் டிஸ்க் இமேஜ். ஒரே ஒரு ஃபைல். அதுக்குள்ள லினக்ஸ்ங்கற இயங்குதளத்தைப் போடணும். ஒரு வேலையை அறுபத்து நாலு பேர் பங்கு போட்டுச் செய்ற மாதிரி புரோகிராம்களை ஏத்தணும்."

"அறுபத்து நாலு பேரும் வேலை செய்வாங்களா?" யோஸ்டைன் வாய் சும்மா இருக்காது. "எங்க ஸ்டேஷன்ல ஆறு பேரைப் போட்டா ரெண்டு பேர்தான் செய்வாங்க!"

யாரும் சிரிக்கவில்லை. அவனும்தான்.

"அந்த இமேஜ்ல ஒரு மோசடி," என்றாள் ஹெர்டிஸ், பஸ் நேரம் சொல்வது போல. "எங்க சிப்புல அறுபத்து நாலு பேர் வேலை செய்வாங்க. போட்டி சிப்புல ஒரே ஒரு ஆள். அதனால எங்க சிப்பு ஜெயிச்ச மாதிரி இருக்கும். ஐவிண்ட் கண்டுபிடிச்சுட்டான்."

"எதிராளி காலைக் கட்டிட்டு ஓட்டப்பந்தயம்!" என்றான் யோஸ்டைன்.

"ஆமா."

"இமேஜைத் தயார் பண்ணினது யாரு?"

"ஆர்ன்ஃபின். எல்லா மீட்டிங்லயும் அவரே சொல்லிக்குவாரே... 'என் கையால செஞ்சது'ன்னு."

"அப்போ இந்த இமேஜை நம்பி வாங்கப் போற உன் பட்டம்?"

"அவர் பண்ணின மோசடிக்கு என்னை எப்படித் தண்டிப்பாங்க? திருப்பிச் செய்ய ஒரு வருஷம் குடுப்பாங்க. ஆறு வருஷம் போட்டாச்சு. இன்னும் ஒண்ணு."

யோஸ்டைன் ஒரு காகிதத்தை நீட்டினான். "எங்க ஆளுங்க எடுத்தது. கொலை நடந்து அரை மணி நேரத்துக்குள்ள, ஆர்ன்ஃபின் பேர்ல யாரோ உள்ள போய், அந்த மோசடிப் பகுதியை அழிச்சிருக்காங்க. ஆனா இமேஜைத் திறந்து பாத்தா... அப்படியே இருக்கு! பேய் வேலையா?"

ஹெர்டிஸ் முதல்முறையாகத் திரும்பினாள்.

"சிமுலேட்டருக்குள்ள இருந்துக்கிட்டு அழிச்சிருக்காரு. அங்க எழுதினாலும், அழிச்சாலும், எதுவும் நிஜ டிஸ்க்குக்குப் போகாது. சிமுலேட்டரை மூடினா எல்லாம் பழையபடி ஆயிடும். கனவுல வீட்டைப் பெருக்கற மாதிரி. இது எங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. பத்து வருஷமா அவர் சிமுலேட்டரைத் தொட்டதில்ல."

கச்சிதம்!

சிசெல் எழுந்தாள்.

* * *

ஆர்ன்ஃபினின் அறை. கொழுகொழுவென்ற பேராசிரியர் வெளிறிப் போயிருந்தார்.

"நான் செய்யல! அந்த இமேஜைக் கூட நான் செய்யல! ஹெர்டிஸ் செஞ்சா, நான் பேர் போட்டுக்கிட்டேன்... எல்லாப் பேராசிரியரும் பண்றதுதானே!"

"பாஸ்வேர்ட்?"

"என் படகோட பேர். இங்க எல்லாருக்கும் தெரியும்."

"நல்ல ரகசியம். சரி, சிமுலேட்டரை ஓட்டுங்க. அந்த மோசடி எங்க இருக்குன்னு காட்டுங்க."

வேர்க்க வேர்க்கத் தட்டினார். மூன்று முறை தப்பு. நாலாவது முறை திரையில் எழுத்துகள் வந்தன... ஒவ்வொரு வரியாக... ஆமை கூட அலுத்துப்போகும் வேகத்தில்.

"எப்போ உள்ள போகலாம்?"

"லினக்ஸ் முழுசா எழுந்திரிச்ச அப்புறம். நாளைக்குக் காலையில ஆயிடும்."

சிசெல் திரையையே பார்த்தாள்.

"நாளைக்கா?"

"நிஜத்துல ஒரு நிமிஷம்னா, இதுல பாதி நாள் ஆகும். என்ன பண்றது?"

"அப்போ அரை மணி நேரத்துல உள்ள போய் அழிச்சது எப்படி?"

யோஸ்டைன் போனை எடுத்து, போலீஸ் கம்ப்யூட்டர் பிரிவில் கேட்டான். கேட்கக் கேட்க அவன் முகம் மாறியது.

"சிசெல்! தினமும் இதை ஓட்டறவங்க ஒவ்வொரு தடவையும் எழுப்ப மாட்டாங்களாம். ஒரு தடவை எழுப்பி, அந்த நிலையை அப்படியே சேமிச்சு வச்சுக்குவாங்களாம். அடுத்த தடவை நேரா அங்கிருந்துதான் ஆரம்பம். வெள்ளிக்கிழமை நடந்ததும் அதேதான்!"

"சேமிச்சு வைக்கலாமா?" ஆர்ன்ஃபின் நிஜமாகவே வியந்தார். "எனக்கு யாருமே சொல்லலையே!"

* * *

ஹெர்டிஸ் அதே நாற்காலியில் இருந்தாள்.

"சேமிச்ச இடத்திலேருந்து ஆரம்பிக்கத் தெரிஞ்ச ஆளுக்கு," என்றாள் சிசெல், "உள்ள அழிச்சா அழியாதுங்கறதும் தெரியும். தெரிஞ்சே அழிச்சிருக்காங்க. அது அழியக் கூடாது. நாங்க பாக்கணும். பேராசிரியர் மாட்டணும். இல்லையா?"

ஹெர்டிஸ் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பழக்க தோஷம்," என்றாள். "முதல்லேருந்து எழுப்பணும்னு தோணவே இல்ல. இங்க யாரும் எழுப்ப மாட்டோம்."

"ஐவிண்டை ஏன்...?"

"நான்தான் அந்த இமேஜைச் செஞ்சேன்னு அவனுக்குத் தெரியும். என் தேர்வுக் குழுகிட்ட இன்னைக்கே சொல்லப் போறேன்னான். வாஃபிள் சுட்டுக்கிட்டே சொன்னான். ஜாமை எடுன்னு கேப்பானே... அதே குரல்ல."

"அழலையா நீ?"

"வரல. அடிச்சப்பவும் ஒண்ணும் தோணல. இப்பவும்தான்."

சிசெல் கைவிலங்கை எடுத்தாள். இந்த வெறுமையைத்தான் துக்கம் என்று நம்பி ஏமாந்திருக்கிறாள். ஆத்திரமாவது வர வேண்டாமா? வரவில்லை. தன் மேலேயே கொஞ்சம் பயம் வந்தது. அதுவாவது வந்ததே என்று பூட்டினாள்.

வராந்தாவில் ஆர்ன்ஃபின் நின்றிருந்தார்.

"அப்போ... நான் தப்பிச்சேனா?"

"கொலையிலிருந்து மட்டும். மோசடிக்கும் பேர் போட்டுக்கிட்டவராச்சே, அதுக்கு நிர்வாகம் கூப்பிடும்."

"என்னைக் காப்பாத்தினது நீங்கதான், சிசெல்!"

"நான் இல்லைங்க. உங்க அறியாமை! அதை மட்டும் பத்திரமா சேமிச்சு வச்சுக்குங்க!"