கட்டை வைத்த கிளட்ச்

அன்று மாலை கொட்டகையில் இருந்தவர்கள் பெரியக்கா, அவள் தம்பி, தம்பி மனைவி, எல்லோரும் ‘ஏணி’ என்று கூப்பிடும் நெட்டை மெக்கானிக், எதிர்வரிசை மளிகைக் கடைக்காரர். வேறு யாரும் இல்லை. ‘நானும் பார்த்தேன்’ என்று இப்போது கிளம்பியிருப்பவர்கள் எல்லாம் தெருவில் நின்றவர்கள். தெருவில் நின்றவர்கள் பார்த்தது பாதிதான்.

லாரி வந்தது அதற்குப் பல மாதங்களுக்கு முன், வெயில் ஏறிய ஒரு சாதாரணக் காலையில். மேட்டுக் கல்குவாரியின் தண்ணீரை இறைத்தபோது அடியில் கிடந்ததைப் பழைய இரும்புக் கடையில் வாங்கிப் போட்டிருந்தார்கள். பெரியக்கா கேள்விப்பட்டு நேரே போனாள். துரு பொரிந்து, பாசி காய்ந்து, என்ன வண்டி என்றே தெரியாத உருவம். மூக்கு நீண்ட பழைய ரகம் என்பது மட்டும் புரிந்தது.

“குவாரியில எத்தனையோ வண்டி விழுந்திருக்கு. இது அப்பா வண்டின்னு எப்படிக்கா சொல்றே?” என்றான் தம்பி.

ஏணி, வண்டியின் அடிச்சட்டத்துத் துருவைச் சுரண்டி, சாக்பீஸ் தேய்த்து, இரும்பில் அடித்திருந்த எண்ணைத் தேடினான். பாதி எண் அரித்துப் போயிருந்தது. பெரியக்கா அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கேபினுக்குள் குனிந்து கிளட்ச் மிதியைத் தடவினாள். அதன் மேல் ஒரு மரக்கட்டை, டயர் ரப்பர் சுற்றி, கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது.

“எங்கப்பா குள்ளம். கால் எட்டாது. கட்டை வச்சுத்தான் ஓட்டுவார். இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? வண்டியை வீட்டுக்கு ஏத்து,” என்றாள்.

வெட்கப்பட வேண்டியது வேறு என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் சிறுமியாக இருந்தபோது நடந்தது அது. கல் ஏற்றிய லாரி மேட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் போய்விட்டது. சரிவு முடிகிற இடத்தில் தொழிலாளர் குடியிருப்பு. லாரி அதன்மேல் ஏறாமல், கடைசி வளைவில் திரும்பிக் குவாரித் தண்ணீருக்குள் விழுந்தது. டிரைவரின் உடல் கிடைக்கவில்லை. அவர் பயந்து குதித்து ஓடிவிட்டார், வண்டி தானாகத் திரும்பியது குடியிருப்பின் நல்ல காலம் என்று பேச்சு கிளம்பியது. கிளம்பிய இடம் மளிகைக் கடை. அன்று முதல் அவள் ‘ஓடிப்போனவன் மகள்’. பிற்பாடு பெண் பார்க்க வந்தவர்கள் அந்தக் கடையில் வழி கேட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள். அதற்கும் அவள் தலை குனிந்ததில்லை.

லாரியை இறக்கிய அன்றே கடைக்காரர் வந்து நின்றார்.

“ஏம்மா, கேபின்ல ஒரு எலும்புகூட இல்லையாமே?”

“முன்கண்ணாடி உடைஞ்சு கெடக்கு. தண்ணி எதையும் கொண்டு போகும். உங்க வாயைத்தான் கொண்டு போகலை.”

அந்த வண்டியைப் பழையபடி ஆக்கி, பகல் வெளிச்சத்தில், அந்தக் கடை வாசல் வழியாக ஓட்டிப் போக வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வேலை நடந்தது. என்ஜினைப் பிரித்து, கழுவி, தேய்ந்ததை மாற்றினான் ஏணி. பிரேக் முழுவதையும் புதிதாகப் போட்டான். புது சீட் வந்து உட்கார்ந்த மறுநாள் காலைதான் முதலில் தெரிந்தது.

டிரைவர் சீட் நனைந்திருந்தது.

கூரையில் ஒழுகல் இல்லை. மழையும் இல்லை. ஒரு ஆள் உட்கார்ந்து எழுந்த அகலத்துக்கு ஈரம். கேபினுக்குள் தேங்கிய தண்ணீரும் பாசியும் கல்தூளும் கலந்த வாடை. துடைத்தார்கள். மறுநாளும் நனைந்திருந்தது.

பிறகு கண்ணாடி. ஏணி தன் உயரத்துக்குத் திருப்பி வைத்த பக்கக் கண்ணாடி, விடிந்தால் கீழே சாய்ந்திருந்தது. ஒரு குள்ளமான ஆளின் கண்ணுக்குச் சரியாக.

பிறகு கியர். சாயங்காலம் நியூட்ரலில் விட்டுப் போனால், காலையில் முதல் கியரில் நின்றது.

“பூனை ஏறியிருக்கும்,” என்றான் தம்பி.

“கியர் போடுற பூனையா?” என்றாள் அவன் மனைவி. பிறகு குரலைத் தாழ்த்தி, “அண்ணி, நான் மாமனார் முகத்தையே பார்த்ததில்லை. இப்படியா அறிமுகமாகணும்?” என்றாள்.

“மருமகள்னு சொல்லிட்டுப் போ. சந்தோஷப்படுவார்.”

தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. “அக்கா, வேண்டாம். இரும்புக் கடைக்கே திருப்பிக் கொடுத்துடலாம்.”

“அப்பாவையா?”

ஏணி கியர் பெட்டியைப் பிரித்துப் பார்த்தான். குறை எதுவும் இல்லை. “தண்ணியிலிருந்து எடுக்கும்போதும் இதே முதல் கியர்லதான் இறுகிக் கெடந்துச்சும்மா,” என்றான்.

“ஒரு டிரைவர் எதுக்கு முதல் கியருக்கு வருவான்?”

“சரிவுல பிரேக் போனா கியரை இறக்கித்தான் வண்டியைப் பிடிக்கணும். ஓடுற வண்டிக்கு முதல் கியர் லேசுல விழாது. சீட்ல உட்கார்ந்து உயிரைக் கொடுத்துத் தள்ளணும்.”

பெரியக்காவின் ஏற்கெனவே நிமிர்ந்திருந்த முதுகு இன்னும் நிமிர்ந்தது.

வண்டியை வெளியே எடுக்கிற அன்று கடைக்காரரைத் தானே போய் அழைத்து வந்தாள். நாற்காலி போட்டு முன்வரிசையில் உட்கார வைத்தாள். கொட்டகை வாசல் தெருவைப் பார்த்தது. தெரு சரிந்து கடைப் பக்கம் இறங்கியது. சாய்வெயில் இன்னும் தரையில் கிடந்தது.

ஏணி ஏறி உட்கார்ந்தான். என்ஜின் இருமியது, திணறியது, பிடித்துக்கொண்டது. கூரைத் தூசி உதிர்ந்தது. தம்பி கைதட்டப் போனான்.

கியர்க்கம்பி மெல்ல நகர்ந்தது.

ஏணியின் கை அதன்மேல்தான் இருந்தது. ஆனால் அவன் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தான். கம்பி எதிர்ப்பக்கம் போனது.

முதல் கியர் விழுந்தது. கட்டை வைத்த மிதி அதற்கு முன்பே அடிவரை போயிருந்தது. அங்கேயே நின்றது.

பாசி வாடை கொட்டகை முழுவதும் எழுந்தது.

“அம்மா…” ஏணியின் குரல் காற்றாக வந்தது. “என் கைமேல இன்னொரு கை.”

“ஈரமா?”

“சில்லுன்னு இருக்கு.”

“பயப்படாதே. இடத்தை விட்டு இறங்கு.”

அவன் விழுந்து இறங்கினான். அவனுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. என்ஜின் நிற்கவில்லை. கடைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“உட்காருங்க,” என்றாள் பெரியக்கா. “ஓடிப்போறது எங்க குடும்பப் பழக்கமில்லை. உங்க குடும்பத்துல எப்படியோ?”

அவள் இடப்பக்கமாகச் சுற்றிப் போய் ஏறினாள். சிறுமியாக அப்பா பக்கத்தில் உட்கார்ந்து போன அதே இடம். பக்கத்து சீட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முன்கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“அப்பா. குடியிருப்பு தப்பிச்சது. ஒருத்தருக்கும் காயமில்லை.”

சொட்டுச் சத்தம் நின்றது.

“பிரேக் புதுசு. மிதிச்சுப் பாருங்க.”

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு பிரேக் மிதி தாழ்ந்தது. பாதியில் உறுதியாக நின்றது. எழுந்தது. மறுபடி தாழ்ந்தது, நம்ப முடியாதவர் மிதிப்பதைப் போல.

பெரியக்காவின் கண் கலங்கியது. குரல் கலங்கவில்லை.

“போகலாம்.”

கட்டை வைத்த மிதி மெதுவாக எழுந்தது. லாரி குலுக்கல் இல்லாமல் கொட்டகையை விட்டு வெளியேறி, தெருச் சரிவில் இறங்கியது. ஜன்னல்கள் திறந்தன. பேச்சுகள் பாதியில் நின்றன. மளிகைக் கடைப் பலகைக்கு ஒரு சாண் இருக்கும்போது பின்விளக்கு சிவந்து, வண்டி அசையாமல் நின்றது.

தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு கடைக்காரர் பின்னாலேயே வந்து சேர்ந்தார்.

“ஏம்மா… டிரைவர் சீட்ல யாரு?”

பெரியக்கா இறங்கி, புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள்.

“உங்களுக்குத் தெரியாதா? வழி கேட்கறவங்களுக்கெல்லாம் சொல்லி அனுப்புவீங்களே, இனிமேலும் சொல்லுங்க.”

லாரி இப்போது கொட்டகையில் நிற்கிறது. விடிந்தால் முதல் கியரில் நிற்பது அன்றோடு முடிந்தது. ஆனால் கண்ணாடி தாழ்ந்தே இருக்கிறது. ஏணி அதைத் தொடுவதில்லை. தினமும் காலையில் தம்பி மனைவி ஒரு துணியோடு போய் டிரைவர் சீட்டைத் துடைக்கிறாள்.

அந்த வண்டி தானாக ஓடுகிறது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. குவாரியின் கடைசி வளைவில் அன்றைக்கும் அது தானாகத் திரும்பவில்லை. இன்றைக்கும் தானாக ஓடவில்லை.