ஊட்டம் வைத்த பிளேட்

ஊட்டம் வைத்த பிளேட்டிலும் பச்சைப் புள்ளிகள் இருந்தன.

ஜெபிஷா கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். வெளியே மத்தியான வெயில். கறுப்புத் திரை போட்ட இந்த அறைக்குள் நீல விளக்கும், ஜன்னல் இடுக்கில் கசியும் வெடிமருந்து வாடையும், இன்குபேட்டரின் ஓயாத முனகலும்தான். இரண்டு பிளேட்டிலும் ஈரல் செல்கள். ஒன்றுக்கு ஊட்டம், மற்றதற்கு வெறும் உப்புநீர். பட்டினி கிடக்கும் செல் தன்னையே தின்னும். தின்னும் இடம் பச்சைப் புள்ளியாக ஒளிரும். ஊட்டம் கிடைத்த செல்லில் புள்ளி வரக் கூடாது.

மூன்று வெள்ளிக்கிழமையாக இப்படித்தான்.

சங்கரலிங்கம் சார் திரையை விலக்கினார். அவருக்குக் கீழேதான் ஆராய்ச்சி.

"ஏம்மா, வயித்துக்குப் போட்டும் தன்னையே திங்குதாக்கும்? பிளேட்ட மாத்தி வச்சிருப்ப."

"இல்ல சார். பேர் ஒட்டித்தான் வச்சேன்."

"திங்கக்கிழமை கமிட்டி முன்னால காட்டணும். இன்னைக்கு சரியா வரலன்னா தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக்குத் திரி வைக்கப் போயிரு. அங்கன ஆள் எடுக்காங்க."

திரை விழுந்தது. எங்கோ வெடி சோதித்தார்கள். கண்ணாடி அதிர்ந்தது.

வெள்ளி. அவளுக்கு உபவாசம். சபையில் நோயாளியின் தலையில் கை வைப்பதுபோல, காலையில் ஊட்டம் வைத்த பிளேட்டின் மூடியில் கை வைத்து ஜெபித்திருந்தாள். இது மட்டும் நல்லா வரணும், ஆண்டவரே. மூன்று வெள்ளியும். அந்த ஒரு பிளேட்டுக்கு மட்டும்.

பட்டினியோடு வைத்த கை.

பையில் ஒரு பன் இருந்தது, சாயங்காலத்துக்கு. இங்கே எதையும் தின்னக் கூடாது. தின்றாள்.

ஒரு புள்ளி அணைந்தது.

இன்னொரு வாய். இன்னொரு புள்ளி. கண்ணை எடுக்காமல் மென்றாள். கொத்துக் கொத்தாக அணைந்தன. வாயில் உப்புக் கரித்தது. மென்றாள். பத்து. ஐந்து. ஏதோ நறுக்கென்றது. விழுங்கினாள்.

"ஏம்மா, சரியா வந்துச்சா?" திரைக்கு வெளியே சார்.

வாய் நிறைய இருந்தது.

கடைசிப் புள்ளியும் அணைந்தது. பிளேட் சுத்தம்.

மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தாள். பன் சுற்றியிருந்த தாள் எப்போதோ காலியாகிக் கீழே கிடந்தது. நீல வெளிச்சத்தில் இடது கையைப் பார்த்தாள்.

மூன்று விரல்தான் இருந்தது.

வலி இல்லை. பசித்தது.