லைட்டும் ரைட்டும்

நிலாத் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்கள் தினமும் காலையில் கதவுக்கு முன்னால் நின்று, தாங்கள் மனிதர்கள்தான் என்று நிரூபித்துவிட்டு உள்ளே போக வேண்டும். இயந்திரத்துக்கு இயந்திரம் உத்தரவு போடக் கூடாது என்பது அங்கே சட்டம். நிரூபிப்பது பெரிய வேலையில்லை. ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் பேசினால் கதவு திறந்துகொள்ளும்.

விண்ணோடங்களுக்கு வழிசொல்லும் சியோரி ஜப்பான்காரி. அவள் நாக்குக்கு ல-வும் ர-வும் ஒன்றுதான். ஒருநாள் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த ஓடத்தில் விளக்கைப் போடச் சொல்லி 'லைட்' என்றாள். 'ரைட்' என்று வந்தது. ஓட்டி இசக்கியப்பன், நடத்துநர் 'ரைட்' சொன்னால் பஸ் கிளம்பிவிடும் திருநெல்வேலிப் பக்கத்தில் வளர்ந்தவன். பாதிச் சரக்கைத் தளத்திலேயே விட்டுவிட்டுப் பறந்துவிட்டான்.

"நீங்கதானக்கா ரைட் குடுத்திய?" என்று திரும்பி வந்து பாவமாகக் கேட்டான்.

இன்னொரு முறை இப்படி நடந்தால் சியோரியைப் பூமிக்கு அனுப்பிவிடுவோம் என்றது நிர்வாகம். அவள் கணவன் ஹருத்தோ நிலாவில் பிறந்தவன். பூமியின் ஈர்ப்பை அவன் எலும்புகள் தாங்காது. போனால் அவள் தனியாகத்தான் போக வேண்டும்.

எனவே நாக்கின் அடியில் நாத்திருத்தி பொருத்திக்கொண்டாள். அரிசி அளவு சில்லு. நாக்கு தடம் மாறும்போதே இழுத்துப் பிடித்து உரிய இடத்தில் வைக்கும். வீட்டில் 'லைட், லைட்' என்று சொல்லிச் சொல்லி விளக்கைப் போட்டு அணைத்தாள். ஹருத்தோவுக்குப் பெருமை பிடிபடவில்லை. சில மாதங்களில் லண்டனில் பிறந்தவள் மாதிரியே பேசினாள்.

அப்படிப் பேசிய ஒரு காலையில் துறைமுகக் கதவு திறக்கவில்லை. இன்னும் சுத்தமாகப் பேசிப் பார்த்தாள். 'இயந்திரம்' என்று சிவப்பெழுத்து மின்னியது.

விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. இயந்திரங்கள் எல்லாம் அப்பழுக்கில்லாத லண்டன் உச்சரிப்பில் பேசுபவை. கதவு மனிதரைக் கண்டுபிடித்தது அவரவர் பிழையை வைத்துத்தான். கதவு திறக்காவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாதவருக்கு நிலாவில் இடமும் இல்லை.

சில்லைப் பிடுங்கி எறிந்தாள். நாக்கோ அதற்குள் திருந்திப்போயிருந்தது. ஹருத்தோவின் எதிரில் உட்கார்ந்து பழையபடி பேச எவ்வளவோ முயன்றாள். தங்கமான 'ல'தான் வந்து விழுந்தது. அவள் அழுதுவிட்டாள். அவன்தான் சமாதானப்படுத்தி, பிழைப் பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டான்.

வகுப்பு நடத்திய ரங்கநாயகம் கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனிதர். பல நாட்டுப் பிழைகளும் அவருக்கு அத்துப்படி. துறைமுகத்தில் ஜப்பானியர் அதிகம் என்பதால் ஜப்பானியப் பிழைக்குத்தான் கதவு சட்டென்று திறக்குமாம், அதற்குத்தான் கிராக்கி. சியோரி பேசியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உங்களுக்கு ஜப்பான் உச்சரிப்பு இன்னும் வரலீங்கம்மா. கவலப்படாதீங்க, பழகிக்கலாம்." முன்வரிசையில் இருந்த லண்டன்காரர் ஒருவரைக் காட்டினார். "அவரு பக்கத்துல உக்காந்துக்கோங்க. என்னமா தப்புப் பேசறாருங்க! அவரப் பாத்துக் கத்துக்கோங்க."

சியோரி பணிவாகத் தலை குனிந்தாள். வெள்ளைக்காரருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் வாய் அசைவதையே கவனிக்கத் தொடங்கினாள்.