கஸ்பார் ஏற்றிய ஏழு திரிகள்

கத்திரி வெயில் கொளுத்திய மே மாதத்தில், பட்டப்பகல் மூன்று மணிக்கு, ராயபுரத்துச் சந்தில் கஸ்பார் வீட்டு ஓட்டின் மேல் பனி சரிந்தது.

முதலில் ஓர் உரசல், ஈரச் சாக்கை யாரோ மெல்ல இழுப்பதுபோல. பிறகு அது கூரைச் சரிவு முழுக்க வழிந்து வந்து, இறவாரத்து விளிம்பில் சற்றுத் தயங்கி, அதன் பின்னர் சந்தின் மணலில் தொப்பென்று விழுந்தது. கருவாட்டு வாடையும் ஹார்பர் நிலக்கரித் தூளும் எப்போதும் நிறைந்திருக்கும் அந்த அறையில் நனைந்த வைக்கோல் வாசனை வந்தது, மலை மரத்து விறகுப் புகை வந்தது. பாயில் கிடந்த கஸ்பார் கண்ணைத் திறக்கவில்லை. ராத்திரி ஷிப்ட் பார்த்த உடம்பு. எழுந்து போய்ப் பார்த்தாலும் மணல் காய்ந்துதான் கிடக்கும். ஒன்பது நாளாகப் பார்த்தாயிற்று. பயப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே, அது அவனிடம் இல்லை.

ஆனால் மகளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஆறு வயது மேரி சுவரோரம் உட்கார்ந்து, அம்மாவின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, யாருக்கோ புளியங்கொட்டை பங்கு வைத்துக்கொண்டிருந்தாள். வியர்த்து ஊற்றும் வெயிலில் அவள் வாயிலிருந்து மூச்சு வெள்ளையாக, புகைபோல வந்தது.

"குளுருதா கண்ணு?"

"கொஞ்சம்தான் நைனா. அவங்களுக்குத்தான் ரொம்ப."

தரும ஆஸ்பத்திரி டாக்டர் இரண்டு தடவை பார்த்துவிட்டார். ஜுரம் இல்லை, சளி இல்லை, சூடாகப் பால் கொடுங்கள் என்றார். பாலெல்லாம் கொடுத்தார்கள். அவள் கை மட்டும் நாளுக்கு நாள் ஜில்லிட்டுக்கொண்டே போனது. முந்தாநாள் நகம் நீலம் பாரித்தது. நேற்று உதடு. இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று கஸ்பார் எண்ணாத நேரமில்லை. அவனுக்கு இருந்தது அந்த ஒரு பிள்ளை.

பக்கத்து வீட்டுச் சொக்கம்மாள், இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தாள். "இன்னாபா கஸ்பாரு, வூட்ல ஐஸ் பொட்டி கிஸ் பொட்டி வாங்கி வச்சிகினு கீறியா? செவுரு ஜில்லுனு கீது. நான் முதுகை வச்சிகினு குந்தியிருக்கேன், சொர்க்கமா கீது போ."

வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையை எங்கிருந்து ஆரம்பிப்பது?

போன வருஷம் செப்டம்பரில் கம்பெனி அவனை ஜப்பானுக்கு அனுப்பியது. புது மெஷின் ஓட்டப் பழக எட்டு மாதம். டோக்கியோ கீக்கியோ என்று ஏரியாவே பெருமை பேசியது. அவன் போய் இறங்கியதோ மலைக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். ஒரு ரயிலடி, ஒரு பட்டறை, நாற்பது ஐம்பது வீடு. நாலு மணிக்கே இருட்டிவிடும். பேச ஆளில்லை, சோற்றில் உப்பில்லை. நவம்பர் இரண்டாம் தேதி வந்தது, கல்லறைத் திருநாள். இங்கே இருந்திருந்தால் காசிமேட்டுக் கல்லறையில் அம்மாவுக்குப் பூ போட்டுத் திரி ஏற்றியிருப்பான். அம்மா உயிரோடு இருந்த காலத்தில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு: யாரும் தேடி வராத கல்லறையைப் பார்த்தால் அதற்கும் ஒரு மெழுகுத்திரி ஏற்றி, "உனக்கு நாங்க கீறோம்" என்று சொல்லிவிட்டுத்தான் நகருவாள். அன்றைக்கு ஷிப்ட் முடிந்து வருகிற வழியில், ஊர் எல்லையில், மரத்தடியில், பாசி பிடித்த ஏழு சின்னக் கல் வரிசையாக நிற்பதைப் பார்த்தான். இடுப்புயரம்கூட இல்லை. ஒன்றில்கூடப் பூ இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவனுக்கு. பெட்டியிலிருந்த மெழுகுத்திரியைக் கொண்டுவந்து ஏழுக்கும் ஏற்றினான். அம்மா சொன்னதை ஏழு தடவை சொன்னான்.

மறுநாள் பட்டறை மேஸ்திரி நிஷிமுரா அவனைத் தனியாகக் கூப்பிட்டுப்போய், தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னார். முப்பது வருஷத்துக்கு முன்னால் பனி சரிந்து மலைமேல் ஒரு குடியிருப்பே புதைந்து போனது. பிள்ளைகள் ஏழு பேரின் உடல் மட்டும் கிடைத்தது, அந்த ஏழு கல்லும் அவர்களுடையவை. பெற்றவர்கள் யாரும் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வாசலிலோ கல்லறையிலோ தீ வைத்தால் செத்தவர்களை வீட்டுக்குக் கூப்பிடுகிறோம் என்று அர்த்தம், மூன்றாம் நாள் மறுபடி தீ வைத்து அனுப்பிவிடுவோம், யார் கூப்பிட்டார்களோ அவர்கள்தான் அனுப்ப வேண்டும் என்றார். "நீ கூப்பிட்டிருக்கிறாய். எப்போது அனுப்பப் போகிறாய்?"

கஸ்பார் தலையை ஆட்டிவிட்டு மறந்து போனான். நம்மூரில் திரி ஏற்றினால் ஏற்றியதுதான், அதில் கூப்பிடுவது ஏது, அனுப்புவது ஏது? அவன் ஊர் திரும்பிய அன்றைக்குத்தான் ஓட்டின் மேல் முதல் உரசல் கேட்டது.

சுவரோரம் மேரி மெல்லச் சிரித்தாள். யாரோ அவள் காதில் ஏதோ சொன்னதுபோல. சிரித்த வாயிலிருந்து புகை வரவில்லை. ஒரு மூச்சு நேரம். இரண்டு மூச்சு நேரம். கஸ்பார் பாய்ந்து போய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். "மேரி!" மறுபடி வெள்ளையாக வந்தது, நூல் மாதிரி.

அவன் காத்திருக்கவில்லை. பெண்டாட்டி ஹில்டா தீப்பெட்டி ஆபீசிலிருந்து திரும்ப ஏழு மணியாகும். அதுவரை பிள்ளை தாங்காது. வேலியிலிருந்து காய்ந்த ஓலையைப் பிய்த்தான், கொல்லையிலிருந்து சுள்ளி பொறுக்கினான், வாசற்படிக்கு வெளியே குவித்தான். கோயிலில் நாலு மணி அடித்தது. தீ வைத்தான்.

காற்று இல்லை. சந்தில் ஒரு கொடித் துணி அசையவில்லை. ஆனால் தீ வெளிப்பக்கமாகச் சாய்ந்தது, சின்னதாக ஏதோ அதைத் தாண்டிப் போனதுபோல. நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது. அவன் எண்ணிக்கொண்டே நின்றான். ஒவ்வொரு தடவைக்கும் முதுகுப்பக்கம் வீடு கொஞ்சம் சூடேறியது. ஏழாவது தடவை, மற்றதைவிடத் தாழ்வாக, தயங்கித் தயங்கி. எல்லாவற்றிலும் சின்னது போல. பாவமாகத்தான் இருந்தது அவனுக்கு. கையெடுத்துக் கும்பிட்டான்.

"போய்ட்டு வாங்க, கண்ணுங்களா."

உள்ளே திரும்பினால் கம்பளி ஒரு மூலையில் கிடந்தது. மேரிக்கு நெற்றியெல்லாம் வியர்வை. "பசிக்கிது நைனா" என்றாள். கஸ்பார் அவளை மடியில் போட்டுக்கொண்டு, அழுதுகொண்டே, பழைய சோற்றில் உப்புப் போட்டுப் பிசைந்து ஊட்டினான். உள்ளங்கை சூடாக இருந்தது. கன்னம் சூடாக இருந்தது. ஒன்பது நாள் தூக்கம் மொத்தமும் அவன் கண்ணில் வந்து இறங்கியது.

நாலு வாய் வாங்கிய பிறகு மேரி கேட்டாள். "ஏன் நைனா அவங்கள வரச் சொன்ன?"

"நான் எங்க வரச் சொன்னேன்? போகத்தான சொன்னேன்."

"இல்ல. போய்ட்டு வாங்கன்னியே. சரின்னு தலையாட்டிகினு போனாங்க."

பிசைந்த கை அப்படியே நின்றது.

பிறந்ததிலிருந்து யாரையும் அவன் வேறு விதமாக வழியனுப்பியதில்லை. விருந்தாளியை, கப்பலேறுகிறவனை, பெண்டாட்டியை வேலைக்கு. போ என்று ஒற்றைச் சொல்லாக எவரிடமும் சொன்னதில்லை. சாவு வீட்டுக்குப் போனவன் மட்டும்தான் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவான்.

ஓட்டின் மேல் உரசல் கேட்டது.

இந்த முறை ஒரு கூரையில் இல்லை. சந்து முழுக்க. வீட்டுக்கு வீடு சரிந்து, வழிந்து, விழுந்தது. சொக்கம்மாள் வீட்டுப் பக்கம் சத்தமே இல்லை. வாசல் தீ அணைந்திருந்தது, புகைகூட இல்லாமல். மணல் வெள்ளையாக இருந்தது.

சந்தில் ஆட்கள் நின்றார்கள். ஏழு பிள்ளைகள் முன்னால். பின்னால் பெரியவர்கள், தலைகுனிந்து, தோளில் பனியோடு, கோயில் முனை வரைக்கும்.

"அம்மாங்களைத் தேடிக் கூட்டிகினு வந்துட்டாங்க நைனா" என்றாள் மேரி சந்தோஷமாக. மடியிலிருந்து இறங்கினாள்.

பிடிக்கத்தான் கையை நீட்டினான். விரல் மடங்கவில்லை. சோறு விரலோடு உறைந்திருந்தது. போ என்று இப்போது சொல்லிப் பார்த்தான். உதடு பிரியவில்லை. மூச்சு மட்டும் வெள்ளையாகப் போனது.

ஒரு பெண் வரிசையிலிருந்து விலகி வாசற்படிக்கு வந்தாள். முகத்தைக் காட்டவில்லை. படியண்டை திரும்பிக் குந்தினாள். இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்க் கோத்து, பிள்ளை ஏறிக்கொள்ள முதுகைக் கொடுத்தாள்.

"உப்பு மூட்டை" என்று மேரி சிரித்தாள். ஈர முதுகில் வாகாக ஏறிக்கொண்டு, இரண்டு கையாலும் அந்தக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.