வால்வைத் திறந்த கை

ஸ்டேஷன் போன் அலறியது.

"சார்... கோல்ஃப் கிளப் செகரட்டரி பேசறேன். எங்க ஹெட் தோட்டக்காரர் பம்ப் ரூம்ல செத்துக் கிடக்கார்..."

இன்ஸ்பெக்டர் போய் இறங்கினார்.

குடிநீர்க் குழாய்களில் காற்று மட்டும் வரும் கோடை. ஆனால் ஃபேர்வே என்கிற அந்த நீளமான புல்வெளியில் மட்டும் தண்ணீர் பீய்ச்சியடித்துக் கொண்டிருந்தது.

பம்ப் ரூமில் தோட்டக்காரர் ஒருக்களித்துக் கிடந்தார். நெற்றிப்பொட்டில் காய்ந்த ரத்தம்.

"காலைல வால்வைத் திறக்க வந்து வழுக்கி விழுந்திருப்பார்," என்றார் செகரட்டரி.

"ரூம் சாவி?"

"ரெண்டுதான். ஒண்ணு அவர்கிட்ட, ஒண்ணு எங்கிட்ட."

வெளியே, ஈரப் புல்லில் தோட்டக்காரரின் மகள் உட்கார்ந்திருந்தாள். கிளப் தண்ணீர் எடுப்பதை எதிர்த்துப் போராடுகிறவளே அவள்தான்.

"நேத்து ஊர்க் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொன்னேன் சார். ஊர்த் தண்ணியைப் புல்லுக்கு ஊத்தறவர் எனக்கு அப்பாவே இல்லைன்னு. அவர் தொப்பியை எடுத்துட்டுப் போயிட்டார்."



உடலைப் பார்த்த போலீஸ் டாக்டர் வெளியே வந்தார்.

"நேத்து சாயங்காலமே உயிர் போயிருக்கு."

இன்ஸ்பெக்டர் புல்வெட்டும் வண்டி டிரைவரைக் கூப்பிட்டார்.

"காலைல நீ வந்தப்போ தண்ணி பாஞ்சுதா?"

"இல்லீங்க. காஞ்சு கெடந்துது. அப்புறம்தான் பீய்ச்ச ஆரம்பிச்சுது."

இன்ஸ்பெக்டர் செகரட்டரி பக்கம் திரும்பினார்.

"நேத்தே செத்தவர் இன்னிக்குக் காலைல எழுந்து வால்வைத் திறந்தாரா சார்?"

 செகரட்டரி பம்ப் ரூம் சுவரில் சாய்ந்தார்.

"டோர்னமென்ட் வருது... புல் பச்சையா இருக்கணும். நேத்து அவர் கூட்டத்துலேர்ந்து நேரா வந்து வால்வை மூடிட்டார். 'என் பொண்ணு சொல்றதுதான் நியாயம் சார். புல்லு காஞ்சா மழைக்குத் துளிர்க்கும், ஜனங்க தாகத்துக்கு என்ன பண்ணுவாங்க?'ன்னார். திறக்கச் சொன்னேன், அசையல. புடிச்சுத் தள்ளினேன்... இரும்புக் குழாய்ல தலை... காலைல வால்வைத் திறந்தது நான்தான்."

மகளுக்கு எல்லாம் கேட்டது.

அவள் அழவில்லை. எழுந்து உள்ளே போனாள். அந்த வால்வை இரண்டு கைகளாலும் திருகி மூடினாள். பிறகு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, மண் ஒட்டிய அந்த விரல்களைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா..." என்றாள். "அப்பா..."

வெளியே தண்ணீர் நின்றது.

கைவிலங்கு மாட்டும்போது செகரட்டரி முனகினார்.

"புல்லெல்லாம் கருகிடும் சார்..."

"கவலைப்படாதீங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "ஜெயில்லயும் தோட்டம் இருக்கு. அங்க வாளிலதான் ஊத்தணும்."